மூட்டைக்கு நானூற்றைம்பது கிராம்

ஓரிடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத ஒருவர், ஊரார் தராசுகள் நிலையாக நிற்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கலாமா? முள்ளு என்று நண்பர்கள் அழைத்த அந்த மனிதரைத் தெரிந்த எல்லோருக்கும் எப்போதாவது இந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. அவருடைய மனைவிக்குத் திருமணமான முதல் வாரத்திலேயே வந்துவிட்டது.

முள்ளு என்ற பெயரை வைத்தவர் அவருடைய பள்ளித் தோழரான தையல்காரர். அந்தக் காலத்துத் தராசின் முள், எடை வைத்ததும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக் களைத்த பிறகுதான் நிற்கும். இவர் களைத்தும் நிற்பதில்லை. சாப்பிடுவது நின்றுகொண்டு, செருப்புப் போடுவது நடந்துகொண்டு. பேருந்தில் எப்போதும் கதவோரத்து இருக்கை. எந்த ஊருக்குப் போனாலும் அங்கிருந்து கிளம்பும் வண்டி எத்தனை மணிக்கு என்பதைத்தான் முதலில் கேட்பார். சினிமாவுக்குப் போனால் இடைவேளை வரைக்கும்தான் கதை தெரியும். மீதியை மனைவி வீட்டுக்கு வந்து சொல்வார்.

மனைவி பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள்களை வாங்கி வைக்கும் கவுன்டரில் வேலை பார்த்தார். குடை, டிபன் பெட்டி, ஒற்றைச் செருப்பு, ஒருமுறை ஒரு செயற்கைக் கால். "எது எதையோ கொண்டு வந்து ஒப்படைக்கிறாங்க. உங்களை மட்டும் யாரும் கொண்டு வந்து தரமாட்டேங்கிறாங்க" என்று அவர் கணவரிடம் சொல்வதுண்டு. கோபமாக இல்லை. கோபத்தின் காலம் முடிந்து பல வருடம் ஆகியிருந்தது.

முள்ளுவின் வேலை இதுதான். மாதத்தில் இருபது நாள் ஊர் ஊராகப் போய் மருந்துக் கம்பெனி, ரொட்டிக்கூடம், அஞ்சலகம், இரும்புக்கடை என்று எங்கெங்கு தராசு இருக்கிறதோ அங்கெல்லாம் சோதனை எடைகளை வைத்துப் பார்த்து, பிசகு இருந்தால் திருத்தி, தேதி எழுதிய முத்திரைத் தாளை ஒட்டிவிட்டு வருவது. சோதனை எடைகள் கம்பளித் துணி பதித்த ஒரு மரப்பெட்டியில் இருந்தன. ஒவ்வொரு எடைக்கும் அதன் உருவத்தில் ஒரு குழி. கையால் தொட்டால் வியர்வை படும் என்று உறை போட்டுத்தான் எடுப்பார். எடையைத் தட்டில் வைத்த பிறகு எண் நிலைக்கும் வரை மூச்சைக்கூட மெதுவாக விடுவார். அந்த ஏழெட்டு வினாடிகளில் அவரைப் பார்த்தவர்கள் வேறு ஒரு மனிதரைப் பார்த்ததாகச் சொல்வார்கள். எண் நின்றதும் அந்த மனிதர் போய்விடுவார்.

பத்தொன்பது வருடத்தில் அவர் சோதித்த தராசு எதுவும் தவறு என்று திரும்பி வந்ததில்லை. அவர் அதைப் பற்றிப் பெருமை பேசியதில்லை. ஆனால் அது அவருக்குத் தெரியும்.

பீர் அவர் வாழ்க்கைக்குள் வந்தது இந்த வேலையின் வழியாகத்தான். சின்னச் சின்ன ஊர்களில் நாலு பாத்திரமும் ஒரு குளிர் அறையும் வைத்துக்கொண்டு சொந்தமாக பீர் காய்ச்சுபவர்கள் பெருகிய காலம். பார்லியையும், கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவையும் நிறுக்க அவர்களுக்குத் தராசு வேண்டும், தராசுக்கு முள்ளு வேண்டும். வேலை முடிந்து கிளம்பும்போது பெயர் எழுதாத பாட்டில் ஒன்றைக் கையில் திணிப்பார்கள். ஒரு ஊரில் புளிப்பாக இருக்கும், அடுத்த ஊரில் புகைவாசம் அடிக்கும். மூன்றாவது ஊரில் கலங்கலாக, பழம் ஊறவைத்த தண்ணீர் போல இருக்கும். பெரிய கம்பெனி பீர் எங்கே வாங்கினாலும் ஒரே மாதிரி இருக்கிறது, அதைக் குடிப்பவனுக்கு ஊர் விட்டு ஊர் போக என்ன காரணம் இருக்கிறது என்று அவர் கேட்பார்.

அவருக்கு ஒரு பழக்கம். தனியாக ஒரு பாட்டிலைக்கூடத் திறந்ததில்லை. வழியில் ருசி பார்க்க ஆசை வந்தால் யாரையாவது பிடிப்பார். விடுதியில் துணி வெளுப்பவர், பணி முடிந்த டிக்கெட் பரிசோதகர், யாராக இருந்தாலும் சரி. ஒருமுறை மலைப்பாதையில் பேருந்து பழுதாகி நின்றபோது, சாலையை அளக்க வந்திருந்த சர்வேயரையும் அவருடைய மாமியாரையும் ஒரு பாறையில் உட்காரவைத்து, காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். மாமியார் முகர்ந்து பார்த்து, "நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருதே" என்றார். சர்வேயர், "அத்தை, அதுதான் இதோட சிறப்பாம்" என்றார். அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே மாற்றுப் பேருந்து வந்துவிட்டது. முள்ளு தன் கோப்பையை அப்படியே மாமியாரிடம் கொடுத்துவிட்டு ஓடினார். வழியில் அவர் முழுதாகக் குடித்து முடித்த கோப்பை எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

நண்பர்களுக்கான பாட்டில் வேறு. அது திறக்கப்படாமல் வீட்டுக்கு வரவேண்டும், குலுங்கக்கூடாது, சூடாகவும் கூடாது. மரப்பெட்டியில் இரண்டு கிலோ எடைகள் இரண்டும் தலையோடு தலை வைத்துப் படுத்திருக்கும் நீளமான குழி ஒன்று உண்டு. ஒரு பாட்டில் அதில் அளவெடுத்தது போலப் படுத்துக்கொள்ளும். அதனால் பாட்டில் கிடைத்த நாள் முதல் வீடு திரும்பும் வரை அந்த இரண்டு எடைகளும் ஒரு பழைய துண்டில் சுற்றப்பட்டு, கருவிகள் கிடக்கும் கான்வாஸ் பையில் பயணம் செய்யும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தையல்காரரின் கடை மூடியிருக்கும். உள்ளே துணி வெட்டும் மேசையைச் சுற்றி மூன்று பேர். தையல்காரர் பள்ளிச் சீருடை தைப்பவர். இருபத்தாறு வருடமாக ஒரே நீலம், அதனால் உலகத்தின் மேல் ஒரு பொதுவான வருத்தம் உள்ளவர். இன்னொருவர் முள்ளுவின் மனைவிக்கு அண்ணன், பல்செட் செய்பவர். அவருடைய பட்டறையிலிருந்து அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குவளைகள் மூன்று வரும். ஒரு பாட்டில், மூன்று குவளை, ஆளுக்கு நூற்றுப் பத்து மில்லி. ஊற்றுவது முள்ளு. கோட்டுக்கு மேலே நுரை எவ்வளவு இருந்தாலும் கணக்கில் சேராது.

"எந்த ஊருடா இது?" என்று தையல்காரர் கேட்பார்.

"குடிச்சிட்டு நீயே சொல்லு."

"குடிச்சா உன் பை வாசனைதான் தெரியுது. கிரீஸு."

"மாப்ளே, இதுல ஏதோ பூ மாதிரி வருது" என்பார் பல்செட்காரர். எல்லாவற்றிலும் அவருக்கு ஏதோ பூ மாதிரிதான் வரும்.

இப்படிப் பல வருடம். தையல்காரர் எந்த பீரையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. 'குடிக்கலாம்' என்பதுதான் அவருடைய உச்சம். அதனால்தான் சென்ற வருடம் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மூன்று மணி நேரப் பயணத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு, ஐம்பது வயதில் வேலையை விட்டு பீர் காய்ச்ச உட்கார்ந்த ஒரு பெண்மணி அங்கே இருந்தார். ஊரில் அவரை இன்னும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பீர் அதுவரை சுத்தமானது, குறை சொல்ல முடியாதது, அவ்வளவுதான். தையல்காரர் அதற்கு மழைத்தண்ணி என்று பெயர் வைத்திருந்தார். அந்த ஞாயிறு முள்ளு கொண்டுவந்த பாட்டிலில் இருந்ததும் டீச்சருடைய பீர்தான். தையல்காரர் ஒரு வாய் குடித்தார். குவளையைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துக் குடித்தார்.

"இன்னொண்ணு இருக்கா?"

மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கசப்புதான். ஆனால் விழுங்கிய பிறகு கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டுப் போகிற கசப்பு. பல்செட்காரர் பூவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. முள்ளு தன் குவளையை உட்கார்ந்தே குடித்து முடித்தார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அந்த பீர்தான் பேச்சு. முள்ளு அந்த வழியில் இல்லாத வேலையைக்கூட அந்த வழியாகப் போய்ச் செய்தார். டீச்சரின் ஊருக்கு ஞாயிறுதோறும் வெளியூர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். எப்படி வந்தது இந்த ருசி என்று கேட்டால் டீச்சர் வெட்கப்பட்டு, "அஞ்சு வருஷமா தேடினேன், ஒருநாள் கை பழகிடுச்சு" என்பார்.

ஒரு ஞாயிறு, குவளைகளில் ஊற்றி இன்னும் வாய் வைக்காத நேரத்தில், முள்ளுவின் போன் அடித்தது. டீச்சர்தான். அவர் குரல் சத்தமானது, வகுப்பறைக் குரல், மேசையில் இருந்த மூவருக்கும் கேட்டது.

"சார், உங்ககிட்ட ஒரு சாட்சி வேணும். ஹாப்ஸ் கொண்டு வர்ற மூட்டைக்காரர் இருக்காரே, அவர் என்னை ஏமாத்திக்கிட்டு இருக்கார். அஞ்சு கிலோ மூட்டை ஒவ்வொண்ணுலயும் நானூத்தி ஐம்பது கிராம் குறையுது. மொதல்ல மூட்டையை நிறுத்துப் பாக்கல, நாலு மாசமா நிறுத்து எழுதி வெச்சிருக்கேன். கேட்டா அழுதுடுவார் போல நிக்கிறார். நடிப்பு. ஊர்ல மத்த காய்ச்சறவங்ககிட்டயும் சொல்லிட்டேன், இவர்கிட்ட வாங்காதீங்கன்னு. உங்க முத்திரை ஒட்டின தராசுல நிறுத்தது சார், அதை நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும்."

முள்ளு, "சரிம்மா, நான் நேர்ல வரேன்" என்றார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். முழங்கால் ஆடத் தொடங்கியது. மேசை ஆடியது, குவளைகளில் நுரை ஆடியது.

"என்னடா, மூட்டைக்காரன் திருடினா உனக்கு என்ன நடுக்கம்?" என்றார் தையல்காரர்.

"அவன் திருடல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

முள்ளு எழுந்து கடைக்குள் நடந்தார். நீலத் துணிச் சுருள்களுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவே ஆறடி இடம், அதில் போனார், வந்தார். சொன்னது துண்டு துண்டாகத்தான் வந்தது. சென்ற வருடம் டீச்சரின் தராசைச் சோதிக்கப் போனபோது, நண்பர்களுக்கான வேறொரு ஊர் பாட்டில் பெட்டிக்குள் படுத்திருந்தது. இரண்டு கிலோ எடைகள் துண்டில். தராசைத் திருத்த ஐந்து கிலோ வைக்கவேண்டும், அதாவது இரண்டு, இரண்டு, ஒன்று. மூன்று நாற்பது வண்டிக்கு எட்டு நிமிடம் இருந்தது. துண்டைப் பிரிக்காமல் அப்படியே தூக்கித் தட்டில் வைத்து, ஒரு கிலோவையும் பக்கத்தில் வைத்து, இதுதான் ஐந்து என்று தராசுக்குச் சொல்லிக் கொடுத்தார். வேறு எடையை வைத்து மறுசோதனை செய்யவில்லை. முத்திரையை ஒட்டினார், ஓடினார். அன்று மாலை விடுதியில் ஸ்பேனரைக் காணோம் என்று தேடினார். துண்டைப் பிரித்ததும் எடைகளுக்கு நடுவில் அது இருந்தது. அன்றைக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது, அதுவும் சேர்ந்து தட்டில் ஏறியது என்று தோன்றவில்லை.

"துண்டும் ஸ்பேனரும் சேந்து அரைக்கிலோ இருக்கும்" என்றார் முள்ளு. "அஞ்சரையை அஞ்சுன்னு சொல்லிட்டேன். அந்தத் தராசுல உண்மையான அஞ்சு கிலோ மூட்டையை வெச்சா நானூத்தி ஐம்பது குறைச்சுதான் காட்டும்."

பல்செட்காரர்தான் முதலில் மற்றதைக் கண்டுபிடித்தார். அவர் கையிலிருந்த குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அப்போ டீச்சர் ஒரு கிலோ பூ போடறதா நெனச்சு..."

"ஆமா மச்சான். ஒரு கிலோ நூறு."

"அதான் இந்தக் கசப்பா?"

தையல்காரர் தன் குவளையைக் குடித்து முடித்தார். அவர் எதையும் வீணாக்குகிறவர் இல்லை.

"சரி, இப்ப என்ன?" என்றார். "போ. தராசைச் சத்தமில்லாம சரி பண்ணு. தராசுன்னா கெடும், மெஷின்தானே. யாரு கேக்கப்போறா உன்னை?"

"சரி பண்ணா இந்த பீர் போயிடும்" என்றார் பல்செட்காரர். "அந்த அம்மா எப்படிப் போச்சுன்னு தெரியாம இன்னொரு அஞ்சு வருஷம் தேடும்."

"அப்போ சரி பண்ணாத."

"மூட்டைக்காரன் திருடன்னு இருந்துட்டுப் போகட்டுமா?"

"உண்மையைச் சொன்னா இவன் பேரு போகும்யா. பத்தொம்பது வருஷம்."

"என் பேரு போறது ஒரு பக்கம்" என்றார் முள்ளு. "கை பழகிடுச்சுன்னு சொல்லுதே அந்த அம்மா. அதை நான் எப்படிப் போய்ச் சொல்றது?"

அன்று இரவு அவர் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் காலையில் வழக்கமான வண்டிக்கு முந்தைய வண்டிக்குக் கிளம்பியபோது, மனைவி மரப்பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, "இன்னிக்குக் கனமா இருக்கு" என்றார். எல்லா எடைகளும் அவற்றின் குழிகளில் இருந்தன.

பேருந்தில் மூன்று மணி நேரம். அவர் கதவோரத்து இருக்கையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிவிடலாம் போல இருந்தது. பாதி வழியில் இறங்கியும்விட்டார். தண்ணீர் பாட்டில் வாங்கினார், நடத்துநர் விசில் ஊதியதும் ஏறினார், வாங்கிய தண்ணீரைக் குடிக்கவில்லை. உண்மையைச் சொல்வதற்கு எத்தனை வாக்கியம் தேவைப்படும் என்று எண்ணிப் பார்த்தார். முதலில் ஏழு வந்தது, அதை நான்காகக் குறைத்தார். நான்கும் 'அவசரத்தில்' என்றுதான் ஆரம்பித்தன.

டீச்சரின் கூடம் ஒரு பழைய அச்சகக் கட்டடம். தரையெல்லாம் ஈரம், ரப்பர் குழாய்கள், வெந்த தானிய வாசம். டீச்சர் முட்டி வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றார். மேசைமேல் மூட்டைகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, குறைந்த கிராம்கள் சிவப்பு மையில். விடைத்தாள் திருத்தியது போல இருந்தது.

"வாங்க சார். நீங்களே வெச்சுப் பாருங்க. அப்பத்தான் அவர் ஒத்துக்குவார்."

முள்ளு கை உறையைப் போட்டார். இரண்டு, இரண்டு, ஒன்று. ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார். சிவப்பு எண்கள் ஓடி, தயங்கி, நான்கு கிலோ ஐந்நூற்று நாற்பத்தைந்து கிராமில் நின்றன. டீச்சர் எண்ணைப் பார்த்தார். எடைகளைப் பார்த்தார். அவர் கணக்கு தெரிந்தவர், நேரம் ஆகவில்லை.

"அய்யோ" என்றார் மெல்ல. "அந்த மனுஷனை..." பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "தராசு கெட்டுப்போச்சா சார்? ஈரத்துல வெச்சிருந்ததாலயா? என் தப்புதான். கீழ ஒரு பலகை போட்டிருக்கணும்."

இதோ, தப்பித்துப் போக டீச்சரே கதவைத் திறந்துவைத்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும். ஈரத்தில் தராசு கெடுவது உண்மைதான், புத்தகத்திலேயே இருக்கிறது. முள்ளு பத்தொன்பது வருடத்தில் நூறு பேரிடமாவது அதைச் சொல்லியிருப்பார். தட்டில் எண் அசையாமல் இருந்தது. வெளியே ஏதோ ஒரு வண்டி ஒலி எழுப்பிவிட்டுப் போனது. அது எந்த ஊர் வண்டி என்று அவருக்குத் தெரியும்.

"தராசு கெடலம்மா. நான்தான் கெடுத்தேன்."

நான்கு வாக்கியத்தில் முடியவில்லை. பாட்டில், குழி, துண்டு, ஸ்பேனர், மூன்று நாற்பது வண்டி என்று எல்லாவற்றையும் சொன்னார். முடிந்ததும் டீச்சர் முதலில் போனை எடுத்து மூட்டைக்காரரைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கும்போது எழுந்து நின்றுகொண்டார். பிறகு போனை முள்ளுவிடம் கொடுத்தார். முள்ளு தான் யார், என்ன செய்தார் என்பதைச் சொன்னார்.

"நாலு மாசம் சார்" என்றார் மூட்டைக்காரர். "வீட்ல சோறு போடறப்போ என் சம்சாரமே கரண்டியை ஒரு மாதிரி பாத்துப் போடுது. போன வாரம் மூணு தராசு வாங்கிட்டேன் சார் நான். மூணுலயும் சரியா இருக்கு. எனக்குக் கிறுக்குன்னு நெனச்சேன்."

"நான் எழுதித் தரேன். உங்க வீட்டுக்கும் வேணும்னா வரேன்."

"வாங்க. வந்து அவகிட்ட சொல்லுங்க. பீர் ஒண்ணும் வேணாம், வாய்ல சொன்னா போதும்."

போனை வைத்த பிறகு டீச்சர் அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கோடு போட்ட பள்ளி நோட்டு. காய்ச்சிய ஒவ்வொரு நாளின் அளவுகளும் அதில் இருந்தன. ஒரு பக்கத்தைத் திறந்து முள்ளு பக்கம் திருப்பினார். ஹாப்ஸ் ஒரு கிலோ என்று எழுதியிருந்தது. கீழே, ருசி பார்த்த நாளில், வேறு பேனாவால், 'இதுதான்' என்று ஒரே சொல். அடியில் இரண்டு கோடு.

"அப்போ இது என்னுது இல்ல" என்றார்.

"காய்ச்சினது நீங்கம்மா."

"ஒரு கிலோவுக்கு மேல போட எனக்குப் பயம் சார். அஞ்சு வருஷமா ஒவ்வொரு தடவையும் கை நடுங்கும். எண்ணூறு போடுவேன், தொள்ளாயிரம் போடுவேன். ஒரு கிலோவே எனக்குப் பெரிய தைரியம்." நோட்டை மூடினார், திறந்தார். "உங்க கை அது. என் கை இல்ல."

"கையெல்லாம் இல்லம்மா. அவசரம்."

அவர் சிரிப்பார் என்று முள்ளு எதிர்பார்த்திருக்கலாம். டீச்சர் சிரிக்கவில்லை. 'ஒரு கிலோ' என்பதை ஒரே கோட்டால் அடித்து, மேலே 'ஒரு கிலோ நூறு' என்று எழுதினார். பிறகு பேனாவை மூடாமலே கேட்டார்.

"இனிமே இப்படிப் போட்டா அதே ருசி வருமா?"

"வரும்."

"தெரிஞ்சு போடறப்போகூடவா?"

முள்ளு எடைகளை எடுத்து மறுபடி தட்டில் வைத்தார். தராசைத் திருத்தினார். மறுசோதனை செய்தார், ஒருமுறைக்கு மூன்று முறை. பழைய முத்திரையைச் சுரண்டி எடுத்தார். படிவத்தில் 'பிழைக்கான காரணம்' என்ற இடத்தில் 'சோதித்தவர்' என்று எழுதி, ஒரு பிரதியைத் தன் அலுவலகத்துக்கு அனுப்பச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று நாற்பது வண்டி போய்விட்டிருந்தது. டீச்சர் வாசல் வரை வந்தார். பாட்டில் எதுவும் கொடுக்கவில்லை. அதை அவர் மறந்துவிட்டாரா என்று சொல்ல முடியாது.

அலுவலகம் அவரை ஒரு வாரம் பயிற்சி வகுப்பில் உட்காரவைத்தது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, முதல் வரிசையில், எடைகளைத் துணியிலிருந்து பிரித்து வைப்பது எப்படி என்று அவர் பத்தொன்பது வருடமாகச் செய்துவந்த வேலையைப் பாடமாகக் கேட்டார். அந்தச் சுற்றில் அவர் சோதித்த மற்ற தராசுகளையெல்லாம் வேறொருவர் போய்ச் சோதித்தார். எதிலும் பிழை இல்லை. டீச்சருடைய ஒன்றில்தான் இருந்தது. மூட்டைக்காரரின் வீட்டுக்கும் முள்ளு போய்வந்தார். மூட்டைக்காரரின் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கு நீங்க மூணு மணி நேரம் வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டாராம்.

இதையெல்லாம் கேட்ட மனைவி ஒன்றுதான் சொன்னார். "அந்த ஸ்பேனரை என் கவுன்டர்ல குடுத்திருக்கணும். யாரும் வந்து கேட்டிருக்க மாட்டாங்க."

ஒன்றரை மாதம் கழித்து டீச்சரிடமிருந்து போன் வந்தது. பாட்டில் தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார். எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லை. முள்ளு போய் வாங்கி வந்தார். பாட்டில் இப்போது பெட்டிக்குள் போகவில்லை. மூன்று மணி நேரமும் அதைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக்காரர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஞாயிறு மதியம். மூடிய கடை, நீலத் துணி, மூன்று குவளை. முள்ளு கோடு பார்த்து ஊற்றினார்.

தையல்காரர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார், அவர் செய்யாத காரியம் அது. "அதேதான்" என்றார்.

பல்செட்காரர் நிதானமாக இரண்டு வாய் குடித்தார். "அதேதான்" என்றார். பிறகு, "கொஞ்சம் ஏதோ..." என்று தொடங்கி, "இல்ல, அதேதான்" என்றார்.

"நீ சொல்லுடா. உன் நாக்குதான் இதுல நீதிபதி" என்றார் தையல்காரர்.

முள்ளு குவளையைக் கையில் எடுத்தார். நுரை மெல்ல உடைந்து கோட்டுக்கு இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார், தராசில் எண் நிலைப்பதைப் பார்ப்பது போல. அது நின்றது. அவர் குவளையை உதட்டுக்குக் கொண்டுபோகாமல் மேசையின் நடுவில் வைத்து, இருவர் பக்கமும் நகர்த்தினார்.

"என்ன மாப்ளே?"

"குடிங்க மச்சான். சூடாயிடும்."

"உனக்கு?"

"இதுல இனிமே என் கை வேணாம். குடிங்க."

அவர்கள் ஐம்பத்தைந்து மில்லி வீதம் பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் முடிக்கும் வரை முள்ளு எழுந்திருக்கவில்லை. மேசைக்கு அடியில் முழங்கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் அவர் எத்தனையோ ஊர்களின் எத்தனையோ பீரை முகர்ந்தார், வாதாடினார், பாதியில் விட்டுவிட்டு ஓடினார். டீச்சரின் பீரை மட்டும் வருடத்தில் ஏழெட்டு முறை கொண்டுவந்தார். வழியில் அறிமுகமானவர்களுக்கு அந்த ஊரின் திசையைக் காட்டி, அங்கே போய்க் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள் என்று சொன்னார். அவர் அதை ஒரு சொட்டும் குடிக்கவில்லை. தையல்காரர் கேட்டுப் பார்த்தார், திட்டியும் பார்த்தார். மனைவி ஒருமுறை கேட்டார், பிறகு கேட்கவில்லை. ஒரு ஞாயிறு, அச்சகக் கட்டடத்தின் முன்னால், வந்திருந்த கூட்டத்துக்கு நடுவில், டீச்சரே தன் கையால் ஒரு குவளை ஊற்றி அவரிடம் நீட்டினார். முள்ளு எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினார், எவ்வளவு நுரை என்று பார்த்தார், பக்கத்தில் நின்றிருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.